நடு வால்வில் ஐந்து சுற்று

அன்று குழாயின் கடைசி முனையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள். நான் இருந்தேன், பழைய பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் தம்பி இருந்தான்; வால்வு பிட்டர், ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். அவன் மனைவி இருந்தாள். ஸ்டோர் கீப்பர், இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. அவர்களுடைய ஒரே மகள், எனக்கு மருமகள் முறை, அந்தக் குழாய்க்குப் பொறுப்பான இன்ஜினியர். வேலையிடத்தில் எல்லோருக்கும் மேடம், எங்களுக்கு முப்பத்து நான்கு வயதிலும் பாப்பா. அவள் கணவர் இருந்தார். வெல்டர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை. தலைமை இன்ஜினியர் இருந்தார். நெட்டையான மனிதர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதால் மணிக்கூண்டு என்று பெயர் வாங்கியவர். கிரேன் ஓட்டுநர் ஒருவரும் இருந்தார். அவர் தன் இருக்கையிலேயே தூங்கிக்கொண்டிருந்ததால் சாட்சிக்கு உதவமாட்டார். இந்த ஏழு பேரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

ஆலையைப் பெரிதாக்கியபோது பழைய குழாய் போதவில்லை. ஆலைக்குப் பக்கத்தில் புதிய டாங்கிகள் கட்ட இடமும் இல்லை. அதனால் பதினொரு கிலோமீட்டர் தள்ளி, கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஆறு புதிய டாங்கிகள் எழும்பின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பள்ளிக்கூடத்தை வைத்து மூடிவிடலாம், அத்தனை அகலம். வெள்ளைப் பெயிண்ட் பளபளக்க, இடுப்பைச் சுற்றிப் படிக்கட்டு வளைந்து ஏற, காலை வெயிலில் அவை நின்ற அழகைப் பார்த்து, விருந்தினருக்கென்று கொடுத்த மஞ்சள் தொப்பியை நான் சரிசெய்துகொண்டேன்.

ஆலையையும் இந்த டாங்கிகளையும் இணைக்கும் பதினாறு அங்குலக் குழாய் பாப்பாவுடையது. பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்துவிட்டது. புறப்படும் இடம், ஆறாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் வரும் நடு வால்வு, அதற்கு முந்நூறு மீட்டர் அப்பால் கால்வாயைத் தாண்டும் வளைவு, பிறகு நாங்கள் நின்ற கடைசி முனை, இந்த நான்கு இடங்களில்தான் வெளியே தலைகாட்டும். அந்த வளைவிலுள்ள பதினொரு வெல்டிங்கும் மாப்பிள்ளை வைத்தவை.

எண்ணெய் விடுவதற்கு முன்னால் குழாய்க்குள் குண்டனை விட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் வட்டுகள் கோத்த ஓர் இரும்பு உருளைக்குத்தான் அந்தப் பெயர். குழாயை அடைத்தாற்போல் உட்காரும். பின்னாலிருந்து தண்ணீர் விட்டுத் தள்ளினால், ஆள் நடக்கிற வேகத்தில் முழு நீளமும் நகர்ந்து, உள்ளே கிடக்கும் மண்ணையும் துருவையும் முன்னால் தள்ளிக்கொண்டு மறுமுனைக்கு வந்துசேரும். அதன் நடுவில் மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்று உண்டு, குழாயின் உள்வாயைவிடக் கொஞ்சமே சிறியது. குழாய் எங்கேயாவது நசுங்கியிருந்தாலும், வெல்டிங் உள்ளே வழிந்து முண்டாக நின்றாலும், தட்டில் காயம் படும். மறைக்க முடியாது. இன்ஜினியர்கள் அதற்கு என்ன பெயர் எழுதினாலும் சரி, குழாயோடு வேலை செய்கிறவர்களுக்கு அது குண்டன்தான்.

குண்டன் ஒழுங்காக வந்துசேர்ந்தால் ஆறு டாங்கிகளின் குழாய் வேலை முழுவதும் பாப்பாவின் கைக்கு வரும் என்று மணிக்கூண்டு எழுத்திலேயே கொடுத்திருந்தார். நடுவில் நின்றுவிட்டால் குழாயை வெட்டித்தான் அவனை எடுக்க வேண்டும். அப்படியானால் ஆறு டாங்கியும் வேறு ஒருவருக்குப் போகும். என் அப்பா வால்வு திருப்பினார், நானும் தம்பியும் திருப்பினோம். வரைபடத்தின் கீழே கையெழுத்துப் போடும் உரிமை எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது அவள் மூலமாகத்தான். அந்தக் கையெழுத்து அன்று குழாய்க்குள் ஊர்ந்துகொண்டிருந்தது.

சரியாகப் பத்து மணிக்கு ஆலைப் பக்கத்திலிருந்து வாக்கி-டாக்கியில் குரல் வந்தது.

"மேடம், குண்டன் கிளம்பிட்டான்."

"ஒண்ணு இருபதுக்கு இங்க இருப்பான்," என்றாள் பாப்பா.

மணிக்கூண்டு கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான்.

"பரீட்சை ரிசல்ட்டு பாக்க வந்த மாதிரி ஏன் எல்லாரும் இப்படி விறைச்சுப்போய் நிக்கிறீங்க? மூணேகால் மணி நேரம் இருக்கு. உக்காருங்க. அக்கா, நீயும்தான்."

"நான் நிமிர்ந்து நிக்கிறேன். நீ கூன் போட்டே பழகிட்ட, உனக்கு நிமிர்ந்தவங்க எல்லாம் விறைப்பா தெரியுது."

"ஆரம்பிச்சுட்டாங்க," என்றாள் தம்பி மனைவி. "மாப்பிள்ளை, நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க. குறுக்க நின்னா ரெண்டு பேரும் உங்கள நடுவரா போட்டுடுவாங்க."

மாப்பிள்ளை சிரித்தார், ஆனால் நகரவில்லை. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் எங்கள் சண்டையில் பக்கத்தில் நிற்பது அவருக்கு ஒரு பெருமை. எங்கள் வீட்டுப் பழக்கங்களை ஒன்று விடாமல் கற்றுக்கொண்டவர் அவர். தேநீரை ஆற்றிக் குடிக்காமல் சூடாகக் குடிப்பதிலிருந்து, வால்வைத் திறந்ததும் ஒரு சுற்று விடுவது வரை.

அந்த ஒரு சுற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால்வை முழுவதும் திறந்தால் சக்கரம் ஓர் இடத்தில் முட்டி நிற்கும். அப்படியே விட்டால் நாளடைவில் இறுகிப்போகும். அவசரத்துக்கு மூட வராது. அதனால் மூடும் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி விடுவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். மற்றவர்கள் அரைச் சுற்று விடுவார்கள். என் அப்பா ஒரு முழுச் சுற்று விடுவார். ஒரு சுற்று விட்டால் உள்ளேயிருக்கும் கதவு குழாயின் பாதைக்கு வராது, சக்கரமும் இலகுவாக இருக்கும். பம்ப் ஹவுஸில் அவர் வேலை செய்த காலம் முழுவதும் ஒரு வால்வுகூட இறுகியதில்லை. அவர் பார்த்த வால்வு என்று கையை வைத்தாலே தெரியும் என்பார்கள். ஒரு சுற்று விடுகிற குடும்பம் என்று எங்களைச் சொல்வார்கள். அதை நாங்கள் பட்டம் போல வைத்திருந்தோம்.

நடுவில் நான் தம்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் ஒருமுறை போய்வந்தேன். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வாக்கி-டாக்கி மறுபடி கரகரத்தது.

"மேடம், பிரஷர் ஏறுது. ஆறுல இருந்தது, இப்ப ஒன்பது. தண்ணி மீட்டர் நின்னுபோச்சு."

"பம்ப குறைங்க," என்றாள் பாப்பா உடனே. "மீட்டர் எவ்வளவு காட்டுது?"

எண்ணைக் கேட்டாள். முழங்காலில் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டாள். குழாய்க்குள் போன தண்ணீரின் அளவை வைத்துக் குண்டன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று சொல்லிவிடலாம். ஆறு கிலோமீட்டரும் கொஞ்சமும். ஆனால் மீட்டர் முன்னே பின்னே இருநூறு மீட்டர் பொய் சொல்லும்.

"நடு வால்வுக்கும் வளைவுக்கும் நடுவுல எங்கேயோ நிக்கிறான்," என்றாள்.

"வால்வா, வளைவா?" என்றார் மணிக்கூண்டு.

"வால்வு இல்ல சார். நேத்து நானே போய்ப் பாத்தேன். முழுசா திறந்திருக்கு."

"அத திறந்ததே நான்தான்," என்றான் தம்பி.

"நானும் பாத்தேன் சார்," என்றார் மாப்பிள்ளை.

எங்கள் வீட்டார் கைபட்ட வால்வைச் சந்தேகப்படுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நானும் அதைச் சொன்னேன்: "அந்த வால்வுல குறை இருக்காது."

அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று அடுத்த நொடியில்தான் உறைத்தது. வால்வு இல்லையென்றால் வளைவு. வளைவென்றால் மாப்பிள்ளையின் வெல்டிங். அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

மணிக்கூண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல போனா வெளிச்சத்துல வெட்டி முடிக்க முடியாது. கிரேன வளைவுக்குக் கொண்டு போகச் சொல்லுங்க."

பம்பைக் குறைத்து ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று முறை. நின்ற மாட்டை முதுகில் தட்டுவது போலத்தான், குண்டன் அசையவில்லை. இரண்டரை மணிக்கு எல்லோரும் வண்டிகளில் வளைவுக்குப் போய்விட்டோம்.

கால்வாயின் மேலே இரும்புத் தாங்கிகளில் குழாய் ஒரு வில்லைப் போல வளைந்து நின்றது. மாப்பிள்ளை ஒவ்வொரு வெல்டிங்கையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனார், திரும்பி வந்தார். வெளியே மீன் செதில் அடுக்கியது போல ஒரே சீராக இருந்தன. உள்ளே எப்படி என்று யாருக்குத் தெரியும்? எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துத் தேறிய வெல்டிங்குகள்தான். ஆனால் குண்டன் நிற்கிறானே.

"மாமா," என்றார் தம்பியிடம், "வெட்டுறதா இருந்தா நானே வெட்டுறேன். நான் வெச்சத இன்னொருத்தர் வெட்ட வேண்டாம்."

பாப்பா காதில் விழாதது போல வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் ஒரே இடத்தில் நின்றிருந்தன. படிக்கிறவள் கண் அப்படி நிற்காது.

நான் மணிக்கூண்டிடம் போனேன்.

"சார், அவசரப்படாதீங்க."

"அம்மா, நான் அவசரப்படல. நேரம்தான் அவசரப்படுது."

"அப்ப அத கழட்டி சட்டைப்பையில போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "என் வீட்டுக்காரி தினம் சொல்றத நீங்களும் சொல்றீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடியும் அதையே பார்த்தார்.

மூன்றரை மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பக்கத்திலேயே நிழல் என்று இருந்தது நடு வால்வுக்குப் போட்டிருந்த தகரக் கூரை ஒன்றுதான். தம்பி மனைவி பிளாஸ்க்கையும் டம்ளர்களையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டாள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு வாய் தேநீராவது குடிக்கட்டும் என்று அவளுக்கு எண்ணம். மணிக்கூண்டும் கிரேன் ஓட்டுநரும் வளைவிலேயே இருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் கூரைக்குள் போய் நின்றோம்.

அவள் தன் கைப்பையை வால்வின் சக்கரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தண்டில் மாட்டினாள். பை சக்கரத்தில் இடித்தது. எடுத்து வாரைச் சுருக்கி மறுபடி மாட்டினாள். மறுபடியும் இடித்தது. கொஞ்ச நேரம் அந்தத் தண்டையே பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் தம்பியிடம், "இது முழுசா திறந்திருக்கா?"

"இப்பதான உங்க எல்லாருக்கும் சொன்னேன். நான்தான் திறந்தேன்."

"ஸ்டோர்ல இதோட ஜோடி வால்வு நிக்குதில்ல? வந்து இறங்கின அன்னிக்கு நீங்கதான் முழுசா திறந்து பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போனீங்க. அதுல தினமும் என் பைய மாட்டுறேன். இடிக்காது. இங்க தண்டு மூணு விரல் கீழ நிக்குது."

"மூணு விரலா? உன் பை பெருசாயிருக்கும்."

"பை அதேதான். சாப்பாட்டு டப்பாவும் அதேதான். தண்டுதான் குட்டை."

நான் சொன்னேன், "அம்மாடி, சக்கரத்துல நாங்க பொறந்து வளந்தவங்க. பைய வெச்சு வால்வு அளக்குற வேலைய விடு."

அவள் என்னை மரியாதையாகத்தான் பார்த்தாள். ஆனால் விடவில்லை.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்குறேன். நீங்க நாலு பேரும் இத தொட்டீங்களா?"

நாங்கள் நால்வரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம்.

முதலில் பேசியது தம்பி. "நான் முழுசா திறந்தேன். ஒரு சுத்து விட்டேன். அது வழக்கம்தானே."

பாப்பா மெதுவாக வரைபடத்தை மடித்தாள். "அப்பா, நான் நேத்து வந்து சக்கரத்த தொட்டுப் பாத்தேன். இறுக்கமா இருந்துச்சு. நீங்க ஒரு சுத்து விட மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சு?"

"நான் விட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பிட்டர் மறந்துட்டாருன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா? அதான் சொல்லல."

மாப்பிள்ளையின் முகம் சிவந்துகொண்டே வந்தது. "மாமா, நேத்து சாயங்காலம் நானும் வந்தேன். எனக்கும் இறுக்கமாத்தான் இருந்துச்சு. இவ மறந்துட்டான்னு நெனச்சேன்."

"நீங்களுமா?" என்றாள் பாப்பா.

"உன் பேரு கெடக் கூடாதுன்னுதான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

"நானும்தான்," என்றேன். "எனக்கும் இறுக்கமாத்தான் இருந்தது."

காரணம் அங்கே நின்றபடியே எங்களுக்குப் புரிந்தது. அது புது வால்வு. கசிவைத் தடுக்கத் தண்டைச் சுற்றி இறுக்கியிருந்த பேக்கிங்கும் புதுசு. சக்கரம் எந்த இடத்தில் இருந்தாலும் முட்டி நிற்பது போலவே கைக்குத் தெரியும். பழைய வால்வுகளில் பழகிய எங்கள் கைகள் நான்கும் ஒரே பொய்யை நம்பியிருந்தன. மற்றவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, வெளியே தெரியாமல், வீட்டின் பெயரைக் காப்பாற்ற ஒவ்வொருவரும் ஒரு சுற்று விட்டிருக்கிறோம். காப்பாற்றிக் காப்பாற்றிக் கதவைக் குழாயின் பாதைக்குள் இறக்கிவைத்துவிட்டோம்.

"இதுக்குத்தான் சங்கிலியும் பூட்டும் போடணும்ங்கறது," என்றான் தம்பி.

"ஸ்டோர்ல ரெண்டும் இருக்கு," என்றாள் அவன் மனைவி. "யாராவது சீட்டு எழுதிக் குடுத்தீங்களா? இந்த வீட்டுலயே வால்வ தொடாதவ நான் ஒருத்திதான். நல்லவேளை."

பாப்பாதான் முதலில் சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு மாப்பிள்ளைக்குத் தொற்றியது, பிறகு தம்பிக்கு. அவன் சிரிக்க ஆரம்பித்தால் இருமலில்தான் முடியும். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

சிரித்து முடித்ததும் அவள் இன்ஜினியர் ஆகிவிட்டாள். வாக்கி-டாக்கியில் பம்பை நிறுத்தச் சொன்னாள். பிரஷர் இறங்கும் வரை பொறுத்தாள். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள். தண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு." ஐந்தாவது சுற்றின் முடிவில் சக்கரம் உண்மையாகவே முட்டி நின்றது. எங்கள் மற்ற மூன்று பேரின் கையும் தன்னையறியாமல் முன்னால் நீண்டது.

"யாரும் தொடக் கூடாது!" என்றாள் தம்பி மனைவி. அவளே குறுக்கே நின்றுகொண்டாள்.

"பம்ப போடுங்க," என்றாள் பாப்பா.

குழாய் ஒருமுறை கனைத்துக்கொண்டது. பிறகு, காலியான பீப்பாயை யாரோ தரையில் உருட்டிக்கொண்டு போவது போல ஒரு சத்தம், எங்கள் காலடியிலிருந்து கிளம்பி மண்ணுக்குள் இறங்கி நகர்ந்தது.

"ஓடுறான்!" என்று கத்தினான் தம்பி. "குண்டன் ஓடுறான்!"

மாப்பிள்ளை வளைவை நோக்கி ஓடினார். பாப்பா பின்னால் ஓடினாள். தம்பி ஓடினான், அவன் மனைவி சாவிக்கொத்து குலுங்க ஓடினாள். நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். குண்டனும் நடக்கிற வேகத்தில்தானே வருகிறான். நானும் அவனும் ஏறக்குறைய ஒன்றாகவே போனோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை முழங்காலிட்டுக் குழாயில் காதை வைத்திருந்தார். வெல்டிங்கைத் தாண்டும்போதெல்லாம் ரப்பர் வட்டு ஒரு சின்னச் சொடக்குப் போடும். பழகின காதுக்குத்தான் கேட்கும்.

"முதல் ஜாயிண்ட்டு," என்றார். முழங்காலாலேயே நகர்ந்து குழாயோடு போனார். "ரெண்டு. மூணு."

மணிக்கூண்டு பக்கத்தில் வந்து குனிந்தார். "என்ன ஆச்சு? யார் என்ன செஞ்சீங்க?"

"அப்புறம் சொல்றேன் சார்," என்றாள் பாப்பா. "இப்ப எண்ணுங்க."

"ஏழு," என்றார் மாப்பிள்ளை. "எட்டு. பெரியம்மா, கேக்குதா? வழுக்கிக்கிட்டுப் போறான்."

"கேக்குது மாப்பிள்ளை." எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.

"ஒன்பது. பத்து."

தாங்கியைப் பிடித்துக்கொண்டு கால்வாய்க்கு மேலே முக்கால் உடம்பு தொங்க நின்றார் அவர். கீழே விழுந்தால் நீந்தத் தெரியாது என்று தம்பி மனைவி முணுமுணுத்தாள்.

"பதினொண்ணு!"

அவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். பாப்பா அவரைக் கட்டிக்கொண்டாள், தலைமை இன்ஜினியர் முன்னாலேயே. கிரேன் ஓட்டுநர் அந்தச் சத்தத்தில் விழித்து, தலையை வெளியே நீட்டி, "வெட்டியாச்சா?" என்று கேட்டார்.

"வெட்டல. நீங்க தூங்குங்க," என்றான் தம்பி.

மிச்சம் நான்கரை கிலோமீட்டர் சொச்சத்துக்கு வண்டி ஏறலாம் என்றார் மணிக்கூண்டு. பாப்பா மறுத்துவிட்டாள். குழாயின் மேலே மண்மேடு ஒரு நேர்கோடாகப் போகிறது. அதன்மீது நடந்தே வருகிறேன் என்றாள். அவள் நடந்ததால் மாப்பிள்ளை நடந்தார், அவர் நடந்ததால் நாங்களும் நடந்தோம். பாதி வழியில் மணிக்கூண்டும் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கி எங்களோடு சேர்ந்துகொண்டார். நடக்கையில் பாப்பா எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அவர் நெட்டை உடம்பை வளைத்துச் சிரித்தார். கடைசி இரண்டு கிலோமீட்டரில் அவர் கடிகாரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதை நான் கவனித்துக்கொண்டே வந்தேன்.

ஐந்தே காலுக்குக் கடைசி முனையில் செம்மண் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பிறகு துரு, பிறகு ஒற்றைக் கையுறை ஒன்று. அது யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பின் குழாய்க்குள் கனமாக ஏதோ இடித்து நிற்க, குண்டன் வந்ததைக் காட்டும் சின்னத் தகரக் கொடி மேலே படக்கென்று எழுந்தது. தம்பியும் மாப்பிள்ளையும் தண்ணீரை வடித்துக் குழாய் முனையின் மூடியைத் திறந்தார்கள். சேறு பூசிக்கொண்டு, மூச்சு வாங்குவது போலச் சொட்டிக்கொண்டு உள்ளே இருந்தான் குண்டன்.

மணிக்கூண்டு துணியால் அலுமினியத் தட்டைத் துடைத்தார். உச்சியில் மட்டும் பிறை போல ஒரு வளைந்த காயம். மற்ற இடமெல்லாம் கீறல்கூட இல்லை.

"இது?" என்றார்.

"வால்வுக் கதவு சார்," என்றாள் பாப்பா. "வளைவுல பட்டிருந்தா பக்கவாட்டுல இருக்கும். இது எங்க வேல. அஞ்சு சுத்து. ரிப்போர்ட்டுல அப்படியே எழுதுறேன்."

"எழுதுங்க. நாளைக்குப் புதுத் தட்டு போட்டு மறுபடி விடுங்க. சுத்தமா வந்தா டாங்கி உங்களுக்கு." தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நிறுத்தினார். "ஒரு நிமிஷம். நாலு பேரு ஆளுக்கு ஒண்ணுன்னீங்க. அஞ்சாவது யாரு?"

தம்பி ஒருமுறை என்னைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"நான் ரெண்டு விட்டிருப்பேன் சார். வயசாகுதில்ல. எண்ணிக்கை மறந்துபோகுது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது.

மறுநாள் குண்டன் நிற்காமல் ஓடிவந்தான். பத்து மணிக்குக் கிளம்பி ஒன்று பதினெட்டுக்கு இறங்கினான். தட்டு கடையிலிருந்து வாங்கியது போல இருந்தது. பாப்பாவுக்கு ஆறு டாங்கிக்கும் உத்தரவு வந்தது. நடு வால்வுக்குச் சங்கிலியும் பூட்டும் வந்தன. சாவி தம்பி மனைவியின் கொத்தில் இருக்கிறது. முதல் டாங்கியில் எண்ணெய் இறங்கிய அன்று நாங்கள் எல்லோரும் அந்த வளைந்த படிக்கட்டில் உச்சி வரை ஏறினோம். எண்பத்து நான்கு படி. நான் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. கேன்டீனில் ஆரம்பித்து, ஆலையின் மூன்று வாசலையும் தாண்டி, இப்போது சொந்தக்காரர்கள் வீட்டுத் தொலைபேசி வரைக்கும் வந்துவிட்டது. தம்பிக்குக் கை தளர்ந்துவிட்டதாம், புத்தி மறதியாகிவிட்டதாம், குழாயை வெட்ட இருந்ததே அவன் விட்ட இரண்டாவது சுற்றால்தானாம். அவனுக்கு 'ரெண்டு சுத்து' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நாற்பது வருடம் வேலை செய்தவனை, பதினான்கு மாதம் மிச்சமிருக்கும்போது, இலகுவான வேலைக்கு மாற்றலாமா என்றுகூட யாரோ கேட்டிருக்கிறார்கள். அவன் எதற்கும் பதில் சொல்வதில்லை. சிரிக்கிறான்.

அந்தப் பேச்சு தவறு. என் தம்பி விட்டது ஒரு சுற்று. பாப்பா ஒன்று, மாப்பிள்ளை ஒன்று. குண்டன் கிளம்புவதற்கு முன் ஒன்றும், கிளம்பிய பிறகு ஒன்றுமாக இரண்டு விட்டது நான்.